கீழ் அம்புப் பொத்தான்

நிர்வாகிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பெயர். அந்தப் பெயரையும் அவரே தயாராக வைத்திருந்தார். அறிக்கையின் அடியில், துப்பறிவாளரான சித்தி கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட அவர் அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோதே, சித்திக்கு இந்தப் பேச்சு ரசிக்கவில்லை என்பது பக்கத்தில் இருந்த அவள் அக்கா மகன் ரேடியோவுக்குப் புரிந்துவிட்டது. ரசிக்காத பேச்சு காதில் விழுந்தால் சித்தி கைப்பையின் ஜிப்பைத் திறப்பாள், மூடுவாள். அன்று காலை அந்த ஜிப் ஓயவே இல்லை.

நடந்ததாக நிர்வாகி சொன்னது இது. ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் ஒரு குளிர் அறை இருக்கிறது. அதன் வெப்பநிலையை இரவும் பகலும் பார்த்துக்கொள்ள ஒரு லினக்ஸ் கணினி. குளிர் குறைந்தால் அது கிடங்கு அதிகாரியின் கைபேசிக்கு உடனே தகவல் அனுப்பும். முந்தாநாள் பின்னிரவில், ஆளில்லாத நேரத்தில், அந்தக் கணினிக்கு வாராந்தரப் புதுப்பிப்பு வந்திருக்கிறது. அது முடிந்து தன்னைத்தானே அணைத்துக்கொண்ட கணினி மறுபடி எழவே இல்லை. போதாத காலம், அதே இரவில் குளிர் இயந்திரமும் மக்கர் செய்தது. எச்சரிக்க வேண்டிய கணினி செத்துக் கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. விடிந்து பார்த்தால் உள்ளே இருந்த மருந்தெல்லாம் கெட்டுப்போயிருந்தது. புதுப்பிப்புக் கருவியை எழுதும் நிறுவனத்தில், கணினியை எழுப்பும் பகுதியைச் சமீபத்தில் மாற்றி எழுதியவள் ஒரு இளம் பெண் இன்ஜினியர். அவளை ஏற்கெனவே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தாகிவிட்டது. வெளியாளான ஒரு துப்பறிவாளரும் அவள்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் விவகாரம் முடிந்தது.

"உங்களுக்கும் இதுல வேதனை இருக்கும். உங்க குடும்பத்துக் குழந்தையும் மேல நம்ம வார்டுலதானே இருக்கு?" என்றார் நிர்வாகி, குரலைத் தாழ்த்தி.

சித்தி ஜிப்பை மூடிவிட்டு எழுந்தாள்.

குழந்தை ரேடியோவின் அக்கா மகள். அவசரப்பட்டுப் பிறந்து, மேல் மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தது. விரியாத நுரையீரலை விரிக்க ஒரு மருந்து உண்டு. பிறந்த அன்றே கொடுத்தார்கள். இன்னும் மாற்றம் தெரியவில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்று குழந்தை டாக்டர் சொல்லியிருந்தாள். அந்த மருந்தும் இதே கிடங்கிலிருந்து போனதுதான். ஆனால் குளிர் போன இரவுக்கு முந்தைய நாளே கொடுத்தாயிற்று. தப்பித்தோம் என்று வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டார்கள். ரேடியோவும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு நாளாக நடமாடிக்கொண்டிருந்தான்.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. வாய் ஓயாததால் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டது. படித்த படிப்புக்கு எந்த வேலையிலும் நிலைக்காமல், கடைசியில் அம்மாவின் தங்கையிடமே வந்து சேர்ந்தான். சித்தி முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, தீப்பிடித்த கடை உண்மையாகவே தானாகத் தீப்பிடித்ததா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தவள். இப்போது அதையே சொந்தமாகச் செய்கிறாள். அவன் வண்டி ஓட்டுவான், போட்டோ எடுப்பான், சும்மா இருக்கச் சொன்னால் மட்டும் அவனால் முடியாது. பயம் வந்துவிட்டால் இரண்டு மடங்கு பேசுவான். அன்றைக்கு மாடிப்படி இறங்குவதற்குள் நிர்வாகியின் தலைமுடி, அறையின் பூந்தொட்டி, வரவேற்பறைக் கடிகாரம் எல்லாவற்றையும் கிண்டல் செய்து முடித்திருந்தான்.

கிடங்கு தரைத்தளத்தின் பின்பக்கம் இருந்தது. அதிகாரி நல்ல மனிதர். பணி ஓய்வை நெருங்கிய வயது, இஸ்திரி கலையாத சட்டை, யார் வந்தாலும் எழுந்து நிற்கும் பழக்கம். சித்திக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். ரேடியோவின் தோளில் கை வைத்து, பாப்பா எப்படி இருக்கிறது தம்பி என்று கேட்டார். அப்படியேதான் இருக்கிறது என்று ரேடியோ சொன்னதும், சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அவர் சொன்னதும் நிர்வாகி சொன்னதும் ஒன்றுக்கொன்று பிசகவில்லை. அன்று அதிகாலையிலேயே வந்துவிட்டாராம். புதுப்பிப்பு எப்படி முடிந்ததோ என்று மனசு உறுத்தியதாம். வந்து பார்த்தால் திரை கறுப்பு. அணைத்துப் போட்ட பிறகுதான் கணினி எழுந்தது. அந்த இரவுக்கான பதிவுகளைப் பார்க்கலாமா என்று சித்தி கேட்டாள்.

"எழாத கம்ப்யூட்டர்ல என்னம்மா பதிவு இருக்கும்?" என்றார் அவர், வருத்தமாகச் சிரித்து.

நியாயமான பதில். சித்தி தலையாட்டினாள்.

கணினி குளிர் அறைக் கதவின் பக்கத்திலேயே ஒரு மர அலமாரியில் இருந்தது. திரை முழுக்கப் பெரிய பச்சை எண்களில் வெப்பநிலை. திரையின் வலது மேல் மூலையில் 'தொடாதீர்கள்' என்று அச்சடித்த ஒட்டுத்தாள். கீழே இழுப்பறைப் பலகையில் விசைப்பலகை. ரேடியோ அதை வெளியே இழுத்ததும் தும்மினான். அவ்வளவு தூசி.

"சித்தி, இந்த ஆபீஸ்ல யாரோ ரெண்டே ரெண்டு எழுத்து படிச்சவங்க இருக்காங்க," என்றான். "அந்த ரெண்டும் எழுத்தே இல்லங்கிறதுதான் விசேஷம்."

சித்தி குனிந்து பார்த்தாள். எல்லாப் பொத்தான்களின் மேலும் மாவு தூவியது போலத் தூசி படிந்திருந்தது. இரண்டு மட்டும் பளிச்சென்றிருந்தன. ஒன்று எண்டர். இன்னொன்று கீழ்நோக்கிய அம்புக்குறி. கணினியை எழுப்ப யாராவது எதையாவது அழுத்தியிருப்பார்கள் என்று ரேடியோ சொன்னான். சித்தி அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சைகை காட்டினாள்.

அப்போது குளிர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மருந்தாளுநர் பெண் வெளியே வந்தாள். இளவயது, தடித்த கண்ணாடி. கெட்ட மருந்தை அகற்றிய தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள். உள்ளே இப்போது மருந்து ஏதும் இல்லை. புதுச் சரக்கு மறுநாள்தான் வரும். வெளியே வந்த கணத்தில் அவள் கண்ணாடி ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. சுவரைத் தடவியபடி நின்று, கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள்.

"நேத்துலேர்ந்து இதே ரோதனை," என்று சிரித்தாள். "மெக்கானிக் ரிப்பேர் பண்ணிட்டுப் போனதும் போனாரு, வெளிய வந்தாலே கண்ணு தெரிய மாட்டேங்குது. நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து இப்படி ஆனதே இல்ல."

எப்போது சேர்ந்தாய் என்று சித்தி சும்மா கேட்பது போலக் கேட்டாள். மழை தொடங்கிய சமயம் என்றாள் அந்தப் பெண். அதிகாரி டீக் கோப்பைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் எழுப்பின.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் சித்தி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்து எங்கே என்று ரேடியோ கேட்டான். அந்த இன்ஜினியர் வீட்டுக்கு என்றாள். அவளைப் பார்த்து என்ன ஆகப்போகிறது, அவள்தான் செய்தாள் என்பது ஊருக்கே தெரியுமே என்று அவன் முணுமுணுத்தான். அந்தப் பெண் மேல் அவனுக்கு ஆத்திரம் இருந்தது. இன்னொரு நாள் முன்னதாக அந்தப் புதுப்பிப்பு வந்திருந்தால் தன் மருமகளின் கதி என்ன என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

இன்ஜினியரின் வீடு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். கதவைத் திறந்தது அவளுடைய மாமியார். வழியை மறித்துக்கொண்டு நின்று, இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடக்கிறாள், இன்னும் என்ன கேட்க வேண்டும் உங்களுக்கு, எங்கள் வீட்டுப் பெண் ஈ எறும்புக்குக் கூடத் தீங்கு நினைக்காதவள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். குற்றம் சொல்ல வரவில்லை, ஒரு விஷயம் புரிந்துகொள்ள வந்திருக்கிறோம் என்று சித்தி பொறுமையாகச் சொன்ன பிறகுதான் ஒதுங்கினாள்.

இன்ஜினியர் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. திரையில் அவள் எழுதிய நிரல்தான் இருந்தது. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. யார் என்று கூடக் கேட்காமல் அவள் சொன்ன முதல் வார்த்தை, எந்த வரியில் தப்பு என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான். தப்பு இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கணினி எழுந்திருக்குமே என்றாள். ஆஸ்பத்திரிக் கணினியை வெளியாள் தொடக்கூடாது என்று விதி, அதனால் நேரில் போய்ப் பார்க்கவும் வழியில்லை.

ரேடியோ அவளைத் திட்ட வேண்டும் என்று வந்தவன். மாமியார் வைத்த பிஸ்கட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

எனக்குக் கணினி தெரியாது, அடுப்பங்கரை பாஷையில் சொல் என்றாள் சித்தி. இன்ஜினியர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். கணினி கண் விழிக்கும்போது முதலில் ஓடுவது பூட்லோடர் என்ற ஒரு சின்ன நிரல். எந்தச் சிஸ்டத்தை எழுப்புவது என்று முடிவு செய்வது அதன் வேலை. ஒரே கணினியில் இரண்டு சிஸ்டம் இருந்தால், அது இரண்டின் பெயரையும் திரையில் வரிசையாகக் காட்டும். ஒன்றுதான் இருந்தால் பட்டியலே வராது, நேராக எழுந்துவிடும். இந்த அமைப்பைப் புதுப்பிப்புக் கருவி சரியாகக் கையாளத் தெரியாமல்தான் இவ்வளவு நாள் இருந்தது. பழைய கருவி ஒவ்வொரு தடவையும் பட்டியலைத் திருப்பி எழுதிவிட்டு, யாராவது வந்து தேர்ந்தெடுக்கட்டும் என்று அப்படியே நின்றுவிடும். ஆளில்லாத இடங்களில் கணினிகள் விடிய விடிய நின்றன. புகார் வந்துகொண்டே இருந்தது. அவள் செய்த மாற்றம், கருவி முதலில் இருக்கிற பட்டியலைப் படிக்கும், அங்குள்ளவர்கள் வைத்ததை அழிக்காது, பட்டியலைச் சில நொடி மட்டும் காட்டிவிட்டு, நிறுவிய நாளில் எது முதன்மை என்று குறித்தார்களோ அதையே யாரும் தொடாமல் தானாக எழுப்பும்.

"பழைய முறையில, முதல் வரியில இருக்கிறதை எழுப்பணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்டாள் சித்தி.

"எண்டர் தட்டினா போதும்."

"ரெண்டாவது வரி வேணும்னா?"

"கீழ் அம்பு. அப்புறம் எண்டர்."

ரேடியோவின் கையிலிருந்த பிஸ்கட் உடைந்து மடியில் விழுந்தது.

இரண்டாவது வரியில் பொதுவாக என்ன இருக்கும் என்று சித்தி கேட்டாள். இடத்துக்கு இடம் மாறும் என்றாள் இன்ஜினியர். இந்த மாதிரிக் குளிர் அறைகளில், கணினியை விற்கிற கம்பெனிக்காரர்கள் ஒரு பயிற்சிச் சிஸ்டத்தைச் சேர்த்துப் போட்டுவிட்டுப் போவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பழகுவதற்காக. உண்மையானது போலவே எல்லாம் தெரியும், ஆனால் அறையோடு அதற்குச் சம்பந்தமே கிடையாது. எண்கள் எப்போதும் சரியாக இருக்கும். மூலையில் 'பயிற்சி' என்று ஒரு வார்த்தை வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்த மூலையில் என்று ரேடியோ கேட்டான். வலது மேல் மூலை என்றாள்.

சித்தி எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, அந்த மடிக்கணினியை மெதுவாக மூடினாள். சாயங்காலத்துக்குள் போன் செய்கிறேன், அதுவரைக்கும் இதைத் திறக்காதே, ஏதாவது சாப்பிடு என்றாள். தன் தப்பு எது என்று தெரிந்துவிட்டதா என்று அந்தப் பெண் கேட்டபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். முடிவு கைக்கு வராமல் யாருக்கும் நம்பிக்கை கொடுக்கிற வழக்கம் சித்திக்குக் கிடையாது.

வண்டியில் வைத்தே குளிர் இயந்திர மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். எண் நிர்வாகியின் அலுவலகத்தில் வாங்கியது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: அன்று காலை உங்களை எப்போது கூப்பிட்டார்கள்? மெக்கானிக் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். விடியவில்லை, தூக்கத்தில் இருந்து எழுப்பினார் அதிகாரி. குளிர் அறை சூடாகிவிட்டது, உடனே வா என்றார். வீட்டிலிருந்துதான் பேசினார், பின்னாலே அவர் வீட்டுக்காரம்மா குரல் கேட்டது. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி கேட்டில் ஒன்றாகத்தான் வந்து இறங்கினோம்.

சித்தி போனை வைத்தாள். ரேடியோ வண்டியைச் சாலை ஓரத்தில் நிறுத்தினான்.

"கம்ப்யூட்டர் எழலைன்னா, அறை சூடாயிடுச்சுன்னு வீட்டுல இருந்தவருக்கு யார் சொன்னது?" என்றான்.

"வண்டியை எடு" என்றாள் சித்தி.

கண்ணாடி விஷயத்தை வழியில் அவள்தான் விளக்கினாள். நல்ல குளிரில் இருந்து வெளியே வந்தால் கண்ணாடியில் ஆவி படியும். நேற்றிலிருந்து படிகிறது, அதற்கு முன் ஒரு நாளும் படியவில்லை என்றால் அந்தப் பெண் சேர்ந்த நாளிலிருந்தே அந்த அறை மருந்துக்கு வேண்டிய குளிரில் இல்லை. புதிதாக வந்தவள், திரையில் பச்சை எண் இருக்கும்போது வேறு எதைச் சந்தேகப்படுவாள்? ரேடியோ கேட்டுக்கொண்டே ஓட்டினான். அவள் சொன்னதன் மிச்சப் பாதி அவனுக்குள் இன்னும் இறங்கவில்லை. அவன் மனசு அந்தப் பக்கம் போக மறுத்து, அதிகாரியின் ஒட்டுத்தாளையே சுற்றிக்கொண்டிருந்தது.

கிடங்கில் அதிகாரி மறுபடி எழுந்து நின்றார். மறுபடி நாற்காலியைத் துடைத்தார். சித்தி உட்காரவில்லை. குளிர் அறைக் கதவை அகலத் திறந்து வைக்கச் சொன்னாள். மருந்தாளுநர் பெண் தயங்கினாள்; உள்ளேதான் ஒன்றுமில்லையே என்று சித்தி சொன்னதும் திறந்து, பக்கத்தில் ஒரு பெட்டியை முட்டுக்கொடுத்தாள். குளிர்ந்த காற்று காலடியில் வழிந்தது. எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பச்சை எண் மெல்ல மெல்ல ஏறியது. மஞ்சளானது. சிவப்பானது. அதிகாரியின் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது.

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் வேலை செய்யுது," என்றாள் சித்தி. "ரேடியோ, இப்ப அதை அணைச்சுப் போடு."

திரை கறுத்தது. பிறகு இரண்டு வரிகள் வந்தன. மேல் வரி, கண்காணிப்பு. கீழ் வரி, பயிற்சி. ரேடியோவின் விரல் தூசி இல்லாத அந்த இரண்டு பொத்தான்களைத் தேடிப் போனது. கீழ் அம்பு. எண்டர்.

கொஞ்ச நேரத்தில் அதே திரை, அதே பெரிய எண்கள். அழகான பச்சை. திறந்த கதவிலிருந்து குளிரெல்லாம் வெளியே கொட்டிக்கொண்டிருக்க, திரை மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றது. மருந்தாளுநர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ரேடியோ வலது மூலையில் இருந்த ஒட்டுத்தாளை நகத்தால் நெம்பி உரித்தான். உள்ளே 'பயிற்சி' என்று இருந்தது.

"அன்னிக்கு ராத்திரி இந்தக் கம்ப்யூட்டர் எழாம இல்ல," என்றாள் சித்தி. "ரொம்ப நாளைக்கப்புறம் அன்னிக்குத்தான் ஒழுங்கா எழுந்துது. நீங்க பக்கத்துல இல்லாம தானா எழுந்துது. எழுந்ததும் உங்களுக்கு உண்மையைச் சொல்லிச்சு. அதைத்தான் செத்துப்போச்சுன்னு சொல்லிட்டீங்க."

அதிகாரி மறுக்கவில்லை. தான் துடைத்து வைத்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். குளிர் இயந்திரம் மழை தொடங்கும்போதே தளர்ந்துவிட்டது என்றார். மாற்றித் தரும்படி நிர்வாகியிடம் நேரில் போய்க் கேட்டார். ஆய்வுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள், அது முடியட்டும், அதுவரைக்கும் சமாளியுங்கள் என்று பதில் வந்தது. எப்படிச் சமாளிப்பது என்று நிர்வாகி சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஆய்வு நடக்கும் அன்றைக்கு மட்டும் என்றுதான் முதல் தடவை அந்தப் பொத்தானை அழுத்தினார். மறுநாள் திருப்பிப் போட்டால் சிவப்பு வரும், ஏன் நேற்று வரவில்லை என்று கேள்வி வரும். அப்படியே விட்டார். அதற்குப் பிறகு வாரா வாரம் புதுப்பிப்பு முடிந்து கணினி பட்டியலில் நிற்கும்போதெல்லாம், விடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் வந்து அவரே அந்தப் பொத்தானை அழுத்தினார். கருவி மாறிவிட்டது, இனி கணினி அவருக்காக நிற்காது என்பது அவருக்குத் தெரியாது.

"ஓய்வுக்கு முன்னாடி ஒரு பேர் கெட வேண்டாம்னு நினைச்சேன்மா," என்றார். "வேற ஒண்ணுமில்ல."

நிர்வாகி ஏன் நம்மைக் கூப்பிட்டார் என்று இப்போது புரிகிறதா என்று சித்தி ரேடியோவின் பக்கம் திரும்பினாள். குழந்தையை மேலே வைத்துக்கொண்டு தவிக்கிற குடும்பம், யார் பெயரைக் கொடுத்தாலும் கோபத்தில் கையெழுத்துப் போட்டுவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

ரேடியோ அதைக் கேட்கவில்லை. மழை தொடங்கும்போது என்ற வார்த்தை அவனுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மழை விட்டே பல வாரமாகிவிட்டது. மருமகள் பிறந்தது மூன்று நாளுக்கு முன்.

"காலையில பாப்பா எப்படி இருக்குன்னு கேட்டீங்களே," என்றான் அதிகாரியிடம். "தெரிஞ்சேதான் கேட்டீங்களா?"

சித்தி ரேடியோவின் முழங்கையைப் பிடித்தாள். அடிக்கப் போகிறான் என்று நினைத்தாள் போல. அவன் அடிக்கவில்லை. கையை உதறிக்கொண்டு ஓடினான். லிஃப்ட் வரும்வரை நிற்க முடியாமல் படியேறினான். மாடித் திருப்பத்தில் நிர்வாகியின் அழைப்பு சட்டைப்பையில் மணியடித்தது, எடுக்கவில்லை.

குழந்தை டாக்டர் வார்டு வாசலில் செருப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். ரேடியோ மூச்சு வாங்கச் சொன்னதை முதலில் அவள் புரிந்துகொள்ளவில்லை. இரண்டாம் தடவை சொன்னான். கிடங்கில் இருந்து வந்த மருந்து அந்த ஒரு இரவில் மட்டும் கெட்டதில்லை. மழைக்காலத்தில் இருந்தே அறையில் சரியான குளிர் இல்லை. எங்கள் பாப்பாவுக்குப் போட்டதும் அதுதான்.

டாக்டர் கேள்வி ஏதும் கேட்கவில்லை. நேராக மேஜைக்குப் போய் போனை எடுத்து, இன்னொரு ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த டாக்டரைக் கூப்பிட்டாள். மருந்தின் பெயரைச் சொன்னாள், ஐஸ் பெட்டியில் வைத்து ஆம்புலன்ஸிலேயே அனுப்பச் சொன்னாள், ஒரு குழந்தைக்கு மட்டும் போதாது என்றாள். நர்ஸிடம், கிடங்கிலிருந்து வந்த எதையும் யாருக்கும் ஏற்றக்கூடாது என்றாள். எல்லாம் தெளிவாக, வேகமாக. போனை வைத்த பிறகுதான் அவன் பக்கம் திரும்பினாள்.

"மழை தொடங்கினதுலேர்ந்தா?" என்று கேட்டாள்.

ரேடியோ தலையாட்டினான். டாக்டர் உட்கார்ந்தாள். அந்த நாட்களில் இந்த வார்டிலிருந்து வீட்டுக்குப் போகாத குழந்தைகளை அவள் நினைக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. அந்தப் பெற்றவர்களிடம், குறை மாதத்தில் பிறந்தது, எங்களால் ஆனதைச் செய்தோம் என்று அவள்தான் சொல்லியிருப்பாள். பிறகு எழுந்து, எல்லா அம்மாக்களிடமும் நானே பேச வேண்டும், முதலில் உங்கள் அக்காவிடம் போங்கள் என்றாள். மருந்து வந்துவிடும், குழந்தைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றும் சொன்னாள். இருக்கிறது என்று நம்புகிறேன் என்று திருத்திக்கொண்டாள்.

அக்கா கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்தாள். வட்டத் துளை வழியாகக் கையை உள்ளே விட்டு, குழந்தையின் உள்ளங்காலில் ஒரு விரலை வைத்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும், ஏன்டா இப்படி வேர்த்திருக்கிறாய் என்று கேட்டாள்.

அவன் ஸ்டூலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. புது மருந்து கிளம்பிவிட்டது என்பதை முதலிலும் கடைசியிலுமாக இரண்டு தடவை சொன்னான். அக்கா குழந்தையின் காலிலிருந்து விரலை எடுக்காமலே கேட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழவில்லை. யார் செய்தது என்று கூட உடனே கேட்கவில்லை. அவள் பார்வை வார்டில் வரிசையாக இருந்த மற்றக் கண்ணாடிப் பெட்டிகளின் மேல் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஜன்னல் ஓரத்தில் நின்றது. அங்கே ஒரு இளம்பெண் தனியாக உட்கார்ந்து, துணியை மடித்துப் பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணுக்குக் கூட யாருமில்லடா," என்றாள் அக்கா. "அவ பையனுக்கும் முதல் நாளே இதே மருந்துதான் போட்டாங்க. டாக்டர் வந்து சொல்றப்ப தனியா இருக்க வேண்டாம். நீ போய்ப் பக்கத்துல உட்காரு."

ரேடியோ எழுந்து ஜன்னல் பக்கம் நடந்தான். அந்தப் பெண் துணியை மடியில் வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.